மஞ்சள் அட்டைக்கு வந்த நன்றி

இலஞ்சியில் இறங்கி உமாராணி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ரெஃப்ரி டீச்சர் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்.

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். கணவன் மாரிராஜ் ராணுவத்தில், அப்போது அஸ்ஸாம் பக்கம். வீட்டில் மாமியார் ஆவுடைத்தாயும் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் தாரணியும். கல்லூரியில் படிக்கும்போது திருநெல்வேலியில் நல்ல கால்பந்து ஆட்டக்காரி என்று பெயர் எடுத்தவள். ஒரு போட்டியில் முழங்கால் திருகி, அதோடு ஆட்டம் முடிந்தது. கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டப் பிடிக்காமல் நடுவர் பரீட்சை எழுதித் திரும்ப மைதானத்துக்குள் வந்தாள்.

முதன்முதலாக ஆண்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதிய அன்று கூட்டத்திலிருந்து ஒருவர், “போயி சோறு பொங்கும்மா” என்று கத்தினார். பந்து வெளியே போன நேரம் பார்த்து உமாராணி அவர் எதிரே போய் நின்றாள். “பொங்கி இறக்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன், அண்ணாச்சி. நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சாரல் மாதங்களில் இலஞ்சியில் ஆண்டுதோறும் ஒரு செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். தென்காசி, செங்கோட்டை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் என்று பல ஊர்க்காரர்கள் வருவார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மைதானம். ஈரமண்ணில் கயிறு கட்டி, சனம் குடை பிடித்து நின்று பார்க்கும். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற விஜயசங்கர் இரண்டு ஆண்டுகளாக இந்த ஆட்டங்களை யூடியூபில் லைவ் போட்டு வந்தான். துபாயிலும் தம்மாமிலும் இருக்கிற நம்மூர்ப் பையன்கள் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார்கள். ஆவுடைத்தாய் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏட்டி, அந்தச் செவத்த பயலுக்கு இன்னும் ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்லா” என்று மருமகளுக்கு யோசனை சொல்வாள்.

அந்த ஆண்டு பார்க்கிறவர் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அடைமழையில் இரண்டு சிறிய அணிகள் சேற்றில் உருண்ட ஒரு சாதாரண ஆட்டத்தை ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள்.

“யாருக்கா இவங்கல்லாம்? கமெண்ட்டும் போடல, லைக்கும் போடல. சும்மா உக்காந்து பாக்குதாங்க” என்றான் விஜயசங்கர். சந்தோஷத்தில் சொன்னான். அவளும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

அரையிறுதி அன்று காலை அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது. “வணக்கம் மேடம். இன்று இடைவேளைக்குள் நீலச் சட்டைக்கு ஒரு மஞ்சள் அட்டை. அவ்வளவுதான்.”

நீலச் சட்டை தென்காசி அணி. எதிரணி ரசிகன் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தாள். யார் என்று கேட்டாள். “உங்கள் ரசிகர்கள்” என்று பதில் வந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

ஆட்டம் தொடங்கியதும் அதை மறந்தேபோனாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நீலத்தின் தடுப்பாட்டக்காரன் ஒலி முகம்மது தன்னைத் தாண்டி ஓடியவனின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். ஒளிவு மறைவே இல்லை. விசில் தானாகவே ஊதிவிட்டது. அட்டை இருக்கிற பாக்கெட்டுக்குக் கை போனது. அங்கேயே நின்றது.

காலையில் வந்த செய்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டையைக் காட்டினால் எவனோ ஒருவன் சொன்னபடி செய்ததாகும். காட்டாவிட்டால் கண்ணெதிரே நடந்த தவறை விட்டதாகும். கீழே விழுந்தவன் எழுந்து அவளையே பார்த்தான். ஒலி முகம்மதுகூடத் தலையைக் குனிந்து, வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். நியாயம் எதுவோ அதைச் செய்வோம் என்று அட்டையை உயர்த்தினாள்.

இடைவேளையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். “நன்றி மேடம்” என்று இருந்தது. அதற்குக் கீழே வங்கியிலிருந்து ஒரு செய்தி. அவள் கணக்கில் பணம் ஏறியிருந்தது.

அவள் யாரிடமும் கணக்கு எண் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இல்லை. போன் நம்பர் தெரிந்தால் போதும், எவனும் யாருக்கும் பணம் போட்டுவிடலாம். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட அதில் வழி கிடையாது. நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நூறு போன்கள் உயர்ந்திருந்தன. நேற்று வரை அவை அவளுக்குச் சனங்களின் கைகளாகத் தெரிந்தவை.

இரண்டாம் பாதியை எப்படி நடத்தி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. நீலம் ஜெயித்து இறுதிக்குப் போனது.

மறுநாள் பள்ளி முடிகிற நேரத்தில் போன் வந்தது. ஊர்ப்பேச்சு இல்லாத, பதவிசான குரல்.

“மேடம், சாப்பிட்டீங்களா?”

“யாருங்க நீங்க? எனக்கு எதுக்குப் பணம் அனுப்புனீங்க? திருப்பி அனுப்பினா போகமாட்டேங்கு.”

“அது போகாது மேடம். இருக்கட்டும். ஃபைனல்ல ரெண்டாவது பாதியில சிவப்புச் சட்டைக்கு ஒரு பெனால்ட்டி குடுங்க. எப்போன்றது உங்க இஷ்டம். யாருக்கும் அடி இல்ல, ரத்தம் இல்ல.”

“நான் அப்படிப்பட்ட ஆளு கிடையாது.”

“தெரியும். ரொம்ப நாளா உங்கள பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். கொடிக்கம்பம் பக்கத்துல வெள்ளைத் துண்டு போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் நிப்பாரே, நேத்து ஏன் வரல? உடம்பு சரியில்லையா?”

அவள் திரும்பிப் பள்ளி வாசலைப் பார்த்தாள்.

“பாப்பாவோட மஞ்சள் வேன்ல அந்த வாத்துப் படம் நல்லா இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அடுத்த நிமிஷம் ஒரு படம் வந்தது. ஒரு பக்கம் அவள் அட்டையை உயர்த்தி நிற்கிறாள், விஜயசங்கரின் லைவிலிருந்து வெட்டியது. மறு பக்கம் அவள் பெயருக்குப் பணம் போனதற்கான ரசீது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எவனுக்கும் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மகளின் பள்ளிக்கு ஓடினாள். வேன் கிளம்பியிருந்தது. குற்றாலம் சாலையில் சீசன் கூட்டம். சுற்றுலாக் கார்களுக்கு நடுவே, எண்ணெய் பூசிய உடம்போடு அருவிக்கு நடக்கிற ஆட்களுக்கு நடுவே, ஹாரனை அடித்துக்கொண்டே போய் இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கில் வேனைப் பிடித்தாள். தாரணியை இறக்கிக் கட்டிக்கொண்டாள். “என்னம்மா, மழையில நனைஞ்சிட்டியா?” என்று கேட்டது பிள்ளை.

வீட்டுக்கு வந்து மாரிராஜுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

“எதிரி யாருன்னு தெரிஞ்சா இங்கனேயிருந்தே எதாவது பண்ணுவேன். இது எவன்னே தெரியலையே, உமா. காய்ச்சல்னு சொல்லிரு. அந்த ஆட்டத்துக்குப் போவாத.”

“போகலைன்னா மட்டும் விட்டுருவாங்களா? அந்தப் படம் அவங்க கையிலதான இருக்கு?”

அங்கே சிக்னல் சரியாக இல்லை. திரையில் அவன் முகம் அப்படியே உறைந்துபோய் நின்றது.

போட்டியை நடத்துகிற கழகத்தின் செயலாளர் சண்முகநாதன். நல்ல மனுஷர், ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுகிறவர். அவர் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சரம்மா, இது வெளிய தெரிஞ்சா நம்ம போட்டியே போச்சு. ஒரு பய டீம் அனுப்ப மாட்டான். ஃபைனல் முடியட்டும், பேசாம இரிங்க.”

“அண்ணாச்சி, அவங்க என் பிள்ளையப் பத்திப் பேசுதாங்க.”

“அதுக்குத்தான் சொல்லுதேன், பேசாம இரிங்கன்னு.”

அவள் பேசாமல் இருக்கவில்லை. தென்காசியில் சைபர் கிரைம் பிரிவுக்குத் தனியாகவே போனாள். அங்கே நிர்மலாதேவி என்கிற சப்-இன்ஸ்பெக்டர் அவளை உட்கார வைத்துப் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரில் உமாராணியின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஸ்கூட்டர் வாங்கிய அன்று எடுத்த படம். வீட்டு வாசல். வாத்துப் படம் போட்ட வேன் முன்னால் தாரணி, பள்ளிக்குப் போகிற முதல் நாள்.

“யாரும் உங்க பின்னாடி வரலம்மா. எல்லாம் நீங்க போட்டதுதான். கொடிக்கம்பத்துப் பெரியவரு லைவுல தெரியுதாரு. அவனுங்க இந்த ஊரையே பாத்திருக்க மாட்டானுங்க. உங்க ஆட்டத்து மேல எங்கெங்கேயோ பந்தயம் கட்டுதானுங்க, அவ்வளவுதான்.”

அதைக் கேட்டு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. பின்னால் ஒருவன் வந்தால் திரும்பியாவது பார்க்கலாம்.

“அந்தப் படத்த வெளிய விட்டா?”

“விடுவானுங்க. புகார் பதிஞ்சாச்சு, அந்தத் தேதி உங்களுக்குப் பாதுகாப்பு. ஊருக்கு நீங்களே முந்திச் சொல்லுததா வேண்டாமாங்கிறத நீங்கதான் முடிவு பண்ணணும்.”

இறுதி ஆட்டத்தன்று சாரல் விட்டுவிட்டு அடித்தது. நீலமும், சிவப்புச் சட்டை போட்ட புனலூர் அணியும் களத்தில் நின்றன. உமாராணி நேராக வர்ணனை மேசைக்குப் போய் மைக்கைக் கேட்டாள். பரிசு பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று விஜயசங்கர் கொடுத்துவிட்டான். மைக் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அரையிறுதியில மஞ்சள் அட்டை கொடுத்தேன். இடைவேளையில என் கணக்குக்குப் பணம் வந்திச்சு. அது யாரு அனுப்புனான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. போலீஸ்ல புகார் கொடுத்திருக்கேன். அட்டை கொடுத்தது நியாயமான ஃபவுலுக்குத்தான். இன்னைக்குப் பெனால்ட்டி கேட்டு மிரட்டுதாங்க. அதனால இந்த ஆட்டத்த நான் நடத்தல. இத இப்ப லைவுல பாத்துக்கிட்டிருக்கவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

விசிலை இரண்டாவது நடுவர் ஏசுவடியானிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றாள். கடைசியாக அவள் அப்படி வெளியே நின்றது முழங்கால் போன காலத்தில்.

இரண்டாம் பாதியில் புனலூர்க்காரன் ஒருவனைக் கோலுக்கு முன்னால் நீலச் சட்டைக்காரன் காலைத் தட்டி விழவைத்தான். சனம் முழுக்க விழுந்தவனைப் பார்க்கவில்லை, ஏசுவடியானைப் பார்த்தது. அவர் முகம் வெளிறிப்போய், விளையாடு விளையாடு என்று கையைக் காட்டிவிட்டார். உமாராணி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது பெனால்ட்டிதான். புனலூர் தோற்றது. அந்தப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் காதில் வாங்கவில்லை.

பரிசு கொடுத்து முடிக்கும் முன்பே வேலை நடந்துவிட்டது. அவள் பேசியதில் முதல் இரண்டு வரி மட்டும். “அரையிறுதியில மஞ்சள் அட்டை கொடுத்தேன். இடைவேளையில என் கணக்குக்குப் பணம் வந்திச்சு.” அதற்கு மேல் வெட்டிவிட்டு, கீழே அந்த ரசீதை ஒட்டி, நடுங்குகிற கையைப் பெரிதாக்கி, சோகமாக ஒரு இசையும் போட்டு ரீல்ஸ் ஆக்கியிருந்தார்கள். “காசு வாங்கி மாட்டிய டீச்சர்.” வீட்டுக்கு வருவதற்குள் அது துபாய்க்கும் தம்மாமுக்கும் போய்த் திரும்பியிருந்தது. ஆவுடைத்தாயின் போனுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள்.

“இதுல நீ முழுசாப் பேசலியே, ஏட்டி?” என்றாள் அவள்.

“பேசினேன் அத்தை. நீங்க டிவியில பாத்தீங்கல்லா?”

“நான் பாத்தேன். இவன் பாக்கலையே” என்று போனைக் காட்டினாள்.

கமெண்டுகளை முதல் நாள் படித்தாள். பெண்ணைப் பற்றி ஆண்கள் எழுதுகிற எல்லாம் அதில் இருந்தது. ராணுவத்தில் இருக்கிறவனின் மனைவி என்று யாரோ கண்டுபிடித்து எழுதியபின் இன்னும் மோசமானது. எழுதியவனுக்கு முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் புலிப் படமும் பூப் படமும்தான். எதிரே போய் நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்க ஒருவரும் இல்லை. போனை அணைத்துப் பீரோவில் வைத்தாள். அணைத்த போன் துடிக்கிற மாதிரியே கேட்டது.

பள்ளியில் தலைமையாசிரியை, “பேரன்ட்ஸ் கேக்காங்க டீச்சர். கொஞ்ச நாள் லீவு போட்டுக்கோங்க” என்றார். தாரணியை வேனில் அனுப்புவதை நிறுத்தினாள். பிறகு பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினாள். ஜன்னல்கள் பகலிலும் சாத்திக் கிடந்தன. வாசலில் வண்டி நின்றால் மூச்சை அடக்கிக்கொண்டு, அது நகரும் வரை காத்திருப்பாள். ஒரு நாள் பிள்ளைக்குப் பழம் வாங்கலாம் என்று முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு குற்றாலம் கடைத்தெருவுக்குப் போனாள். மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். அவ்வளவுதான். பழத்தை வாங்காமலே திரும்பிவிட்டாள். அவர் கிரிக்கெட் ஸ்கோர்கூடப் பார்த்திருக்கலாம்.

அந்த நாட்களில் ஒலி முகம்மதுவும் விஜயசங்கரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒலி முகம்மது ஒரு வீடியோ பேசிப் போடலாம் என்றான்.

“நான்தான சட்டையப் பிடிச்சு இழுத்தேன். அத நானே சொல்லுதேங்க்கா.”

உமாராணி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது.

“முகம்மது, உனக்கும் மெசேஜ் எதும் வந்திச்சா? அதுக்குத்தான் இழுத்தியா?”

விஜயசங்கர் தரையைப் பார்த்தான். ஒலி முகம்மது தன் போனை எடுத்து லாக்கைத் திறந்து, அவள் முன்னால் டீப்பாயில் வைத்தான். நீங்களே பாருங்கள் என்கிற மாதிரி. அவளால் அதைத் தொட முடியவில்லை.

“எடுத்துக்கோ தம்பி. எனக்குப் புத்தி பிசகிப்போச்சு.”

“இல்லக்கா. எனக்கும் அன்னையிலேருந்து எங்க கோல்கீப்பர் மேல சந்தேகமாத்தான் இருக்கு” என்றான் அவன். சிரிக்க முயன்றான், வரவில்லை.

அவன் வீடியோ போட்டான். அதே மைதானத்தில், அதே இடத்தில், எப்படி இழுத்தான் என்று விஜயசங்கரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். சிலர் மனம் மாறினார்கள். ‘அப்போ நீயும் வாங்கினியா?’ என்று அந்த வீடியோவுக்குக் கீழேயே பலர் கேட்டார்கள். விஜயசங்கர் அவள் பேசிய முழுப் பேச்சையும் போட்டான். வெட்டிய ரீல்ஸைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. இருந்தாலும் பள்ளிக்கு அது போதுமாக இருந்தது. போலீஸ் புகாரின் நகலையும் கொண்டுபோய்க் காட்டியபின் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஊர் வேறொரு ரீல்ஸுக்குப் போய்விட்டது.

நிர்மலாதேவி ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார். பணம் வந்த கணக்கு வடக்கே ஏதோ ஊரில் ஒரு கொத்தனாருடையது. யாரோ கேட்டார்கள் என்று ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் சேர்த்து விற்றிருக்கிறான். கால்பந்து என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாதாம். அதற்கு மேல் கயிறு அறுந்துவிட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், இன்று எந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

மாரிராஜ் விடுமுறையில் வந்திருந்தபோது நாகர்கோவிலிலிருந்து அழைப்பு வந்தது. பெண்கள் போட்டி, நடுவர் வேண்டும். லைவ் உண்டா என்றுதான் முதலில் கேட்டாள். உண்டு என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தாள். மூன்றாம் நாள் மாரிராஜ், “நான் கூட வாரேன், கிளம்பு” என்றான்.

நாகர்கோவிலில் முதல் விசிலை ஊதினாள். ஆட்டம் நடக்க நடக்கக் கால் பழைய ஓட்டத்துக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் விசில் ஊதிய பிறகு ஒரு நொடி அவளையும் மீறி யோசனை ஓடியது, இதனால் எவனுக்கு லாபம் என்று. முன்பெல்லாம் அப்படி ஓடாது. ஒருமுறை கோட்டோரம் ஓடியபோது மாரிராஜைப் பார்த்தாள். கயிற்றருகே விறைப்பாக நின்றான். முதுகு மைதானத்தின் பக்கம், முகம் சனத்தின் பக்கம். போன் பிடித்த ஒவ்வொருவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையிலும் அப்படியே நின்றான். கடைசி விசில் வரை திரும்பவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், வள்ளியூர் தாண்டியபின் கேட்டாள்.

“ஆட்டம் எப்படிங்க இருந்திச்சு?”

“நான் எங்கட்டீ பாத்தேன்?” என்றான் அவன்.